மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

சுவிஸில் அகதிப் பிள்ளைகளாக வளர்ந்த உங்களில் பலருடைய வீட்டிலும் அந்தக் கோப்பு இருக்கும். சாம்பல் நிற அட்டை, உள்ளே இரண்டு இரும்பு வளையங்கள், முதுகில் அப்பாவின் கையெழுத்தில் ‘விசா’ என்று ஒரு சொல். பத்து வயதில் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய், அலுவலகக் கதிரையில் பெற்றோருக்கு நடுவில் இருந்து, பெரியவர்கள் பேசுவதை இரண்டு பக்கமும் மொழிமாற்றிச் சொன்னவர்கள் நாங்கள். ஆகவே கோப்பைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் கோப்பில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கடிதங்களில் இரண்டாவதைப் பற்றி எழுத நினைக்கிறேன். அதற்கு ஒரு மீன்குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

துன் நகருக்கு வெளியே, ஏரியிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். மேல்தளத்தில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். குளம் பின்வளவில், வாதுமை மரத்துக்குக் கீழே இருந்தது. இறந்துபோன அவருடைய கணவர் தன் கையால் வெட்டியது. நீளம் என் காலடியில் பதினொன்று, அகலம் ஏழு. நடுவில் ஆழம் என் இடுப்புக்குச் சற்று மேல். அடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு, சுற்றிவர உருண்டையான ஆற்றுக்கற்கள். ஆறு தங்கமீன்கள் இருந்தன. ஐந்து செம்மஞ்சள். மற்றது வெள்ளை, நெற்றியில் மட்டும் சிவப்பு. அதைக் கணவர் குளம் வெட்டிய முதல் கோடையில் வாங்கி விட்டாராம். அதற்கு என்னைவிட வயது கூட.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தினமும் குளக்கரையில் நிற்பதை அவர் மேல் ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் இறங்கி வந்து, “நிற்பதென்றால் ஒரு வேலையைச் செய்துகொண்டு நில்” என்றார். மரச்சட்டம் போட்ட ஒரு வெப்பமானியும் கட்டம் போட்ட கொப்பி ஒன்றும் தந்தார். சட்டம் பச்சை, ஓரங்களில் நிறம் உரிந்திருந்தது. கயிற்றில் கட்டி, மரத்தில் அடித்த ஆணியில் தொங்கும். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அதை நீரில் இறக்கி, அறுபது வரை எண்ணி, எடுத்துப் பார்த்து எழுத வேண்டும். பென்சிலால் மட்டும். பேனா மழையில் கரையும் என்பது அவருடைய காரணம். நாங்கள் பூசை முடிந்து வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பியைப் பார்த்து, பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு சரி போடுவார். “குவெட்” என்பார். நல்லது என்று பொருள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்தக் கோடையில் அவர் ஒரு மீன்குஞ்சு வாங்கி வந்தார். ஆறு மீன்களில் கடைசியாக வந்தது அதுதான். அதை உடனே குளத்தில் விடவில்லை. தண்ணீரோடு பையைக் கட்டியபடியே மிதக்க விட்டார். வெப்பமானியைப் பைக்குள் ஒருமுறை, குளத்துக்குள் ஒருமுறை வைக்கச் சொன்னார். பையில் இருபத்து மூன்று, குளத்தில் பதினெட்டு. “இரண்டு எண்ணும் ஒன்றாக வரும்வரை பொறு. இல்லையென்றால் செத்துவிடும்” என்றார். ஒன்றரை மணி நேரம் பொறுத்தோம். இதை நான் மறக்கவில்லை. இந்தக் கதையில் அதுதான் என்னுடைய பங்கு.

பனிக்காலத்தில் ஏரிக்கு மேல் மூடுபனி வாரக்கணக்காக நின்றது. மலைகள் இருக்கின்றனவா என்றே தெரியாது. மீன்கள் அடிச்சேற்றில் அசையாமல் கிடந்தன. கொப்பியில் நான்கு, நான்கு, நான்கு என்று ஒரே எண். கீழ்வீட்டிலும் அப்படித்தான். அப்பா ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். மதியத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டரை மணி நேர ஓய்வில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்வார். அவருடைய விரல்கள் வெளுத்துச் சுருங்கி, சவர்க்கார மணத்தோடு இருக்கும். எங்கள் முதல் அகதி மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. இங்கேயே இருக்க விடும்படி கேட்டு இரண்டாவது மனுப் போகவிருந்தது. அதுவும் தவறினால் சண்டை நடக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

எங்கள் வழக்கைப் பார்த்த பெண் சட்டத்தரணி, எங்களைத் தெரிந்த சுவிஸ்காரர் இரண்டு பேரிடம் கடிதம் வாங்கச் சொன்னார். ஒரு மாதிரிக் கடிதமும் தந்தார். அதில் மூன்று சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தார். உழைப்பாளிகள், நேர்மையானவர்கள், துப்புரவானவர்கள். “இந்த மூன்றும் இருந்தால் நல்லது” என்றார். நான் மாற்றிச் சொன்னேன். அப்பா மூன்று விரலை மடித்துத் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

ஹோட்டல் சமையல் தலைவர் மூன்றையும் அப்படியே எழுதித் தந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவிடம் மாதிரியைக் கொண்டுபோனபோது வாசித்துவிட்டு மடித்து வைத்தார். அவருக்கு இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை. மாசி மாதக் கடைசியில் பேர்ன் போய், ஈஸ்டருக்கு முன்தான் திரும்புவார். “வந்து எழுதுகிறேன். நான் அறிந்ததைத்தான் எழுதுவேன். அதற்கு யோசிக்க வேண்டும்” என்றார்.

போகும்போது குளத்துக்கு ஒரு தாள் எழுதிக் கதவில் ஒட்டினார். வெப்பநிலை தினமும். மேலே விழும் இலைகளை வலையால் எடுக்கலாம், அடிச்சேற்றைத் தொட வேண்டாம். பத்துப் பாகை வரும்வரை உணவு போட வேண்டாம். சித்திரையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அதற்குள் நான் வந்துவிடுவேன். அப்பாவுக்கு அதைப் பிழையில்லாமல் மாற்றிச் சொன்னேன். அது எனக்கு நிச்சயம்.

பங்குனியில் பனி உருகியது. குளம் பச்சையாகித் தடித்தது. வாதுமை இலைகள் அடியில் கறுத்து அழுகி, வெயில் பட்டால் ஒரு மணம் வந்தது. அப்பா இரண்டு நாள் பின்னேரம் கரையில் குந்தியிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

“உதை இறைக்க வேணும்.”

“மூண்டில ஒரு பங்கு எண்டு எழுதியிருக்கிறா அப்பா” என்றேன்.

“ஓம், எழுதியிருக்கிறா. வயசு போன மனிசி, தனிய எவ்வளவை இறைக்கிறது? ஏலாததாலதான் மூண்டில ஒண்டோட விடுறவ. ஊரில நாங்கள் சித்திரைக்கு முன்னம் கிணத்தை அடிமட்டும் இறைச்சு, சேறு அள்ளி, தேச்சுக் கழுவுறனாங்கள். மூண்டில ஒண்டு இறைச்சுப்போட்டு விட்டா அது துப்புரவே?”

“சேத்தைத் தொட வேண்டாம் எண்டு சொன்னவ.”

“பிள்ளை, தண்ணி இறைக்கிறதைப் பற்றி எனக்கு நீ சொல்லித் தாறியோ?”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாவும் சேர்ந்துகொண்டார். “மனிசி வந்து பாக்கேக்க கண்ணாடி மாதிரிக் கிடக்க வேணும். பிறகு கடிதம் எழுதக் கை தன்பாட்டில வரும்.”

இதை நான் இப்போது ஐம்பதை நெருங்கும்போது பார்க்கிறேன். அந்த அம்மாவின் அளவை, அவருடைய இயலாமை என்று அப்பா எடுத்துக்கொண்டார். மரியாதையால் வந்த பிழை அது. சோம்பலால் வந்ததல்ல.

புதன்கிழமை ஹோட்டலுக்கு ஓய்வுநாள். எங்களுக்கும் புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. மதியம் நான் வந்தபோது குளம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்பாவோடு வேலை செய்யும் ஹோட்டல் அண்ணை காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குளத்துக்குள் நின்றார். ஹோட்டலின் வெள்ளை வாளிகளில் அள்ளி அள்ளி அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைச் சரிவில் ஊற்றினார்.

“அண்ணை, கால் விறைச்சுப்போச்சு. இனி எனக்குக் காலே இல்லை.”

“கதையாமல் அள்ளடா. ஊத்துக்கண் தெரியுமட்டும் அள்ள வேணும்.”

“ஊத்தோ? அடியில ரப்பர் சீற் அண்ணை. ஓட்டை போட்டா, பக்கத்து வீட்டு நிலவறையிலதான் ஊத்து வரும்.”

அம்மா தேநீர் கொண்டுவந்தார். ஆறு மீன்களும் தேவாலயத்தில் யாரோ தந்த நீலநிறக் குழந்தைத் தொட்டியில், தெற்குச் சுவரோரம் வெயிலில் இருந்தன. ஹோட்டல் அண்ணை எட்டிப் பார்த்தார்.

“அக்கா, தவக்காலத்தில இறைச்சிதானே கூடாது? இந்த வெள்ளையனை ஒரு சொதி வைச்சா என்ன?”

“போடா, வாய் அழுகிப்போகும். மனிசின்ர புருசன் வாங்கிவிட்ட மீன் அது.”

மீன்கள் அசையாமல் கிடந்தன. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “பாவங்கள், விறைச்சுப்போய்க் கிடக்குதுகள்” என்று கேத்தலில் வெந்நீர் கொண்டுவந்து, கையால் அளைந்து அளைந்து, குழந்தைக்குக் குளிக்க வார்ப்பதுபோல் தொட்டியில் விட்டார். இரண்டு கேத்தல். சிறிது நேரத்தில் மீன்கள் துடிப்பாக ஓடத் தொடங்கின. “பாத்தியளே, உயிர் வந்திட்டுது!” என்று அம்மா கை தட்டினார்.

பிறகு அப்பா குளத்துக்குள் இறங்கினார். அழுகிய இலையையும் சேற்றையும் தகரத்தால் வழித்தார். ரப்பரில் வெல்வெட் போலப் படிந்திருந்த பாசியைத் தும்புத்தூரிகையால் தேய்த்தார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளையாக வரும்வரை உரஞ்சினார். அவர் ஒருவருக்குக் கட்டளை இடுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. “அதை இஞ்சால எடு. உந்த மூலையைப் பார்.” ஹோட்டல் அண்ணை நெற்றியில் கையை வைத்து, “ஓம் செஃப்! இண்டைக்கு நீங்கள்தான் செஃப்!” என்றார். அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அவருக்கு அந்த இடத்தில் ஒரு பல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

தோட்டக் குழாயால் நிரப்பினார்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர், அடிவரை தெரிந்தது. ஊர்க் கிணற்றுக்குச் செய்வதுபோல், அப்பா சிலுவை போட்டு, ஒரு பிடி உப்பை எறிந்தார்.

“சரி, விடுவம்.”

நான் வெப்பமானியை எடுத்தேன். தொட்டியில் அறுபது வரை எண்ணினேன். பதினேழு. குளத்தில் அறுபது வரை எண்ணினேன். ஐந்து. கொப்பியைத் திறந்து, தொட்டி 17, குளம் 5 என்று எழுதினேன். கோடையில் மிதந்த பை என் கண்ணில் நின்றது. பொறுங்கோ அப்பா என்று சொல்ல இரண்டு சொல் போதும். அப்பா தொட்டியின் ஒரு பக்கத்தையும் ஹோட்டல் அண்ணை மறுபக்கத்தையும் தூக்கியிருந்தார்கள். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் கேட்ட மாதிரியே என்னிடம் திரும்பவும் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்பதற்கு நான் பயப்படவில்லை. அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்றுதான் பயந்தேன். கொப்பியை மூடினேன். அவர்கள் தொட்டியைச் சாய்த்தார்கள்.

மீன்கள் ஒருமுறை விறைத்து, பிறகு தெளிந்த நீரில் ஆறு நிறப் பொட்டுகளாக நின்றன. எல்லோரும் வடிவாக இருக்கிறது என்றார்கள். வடிவாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் மீன் பக்கவாட்டில் மிதந்தது. சனிக்கிழமை இரண்டு. ஞாயிறு காலையில் வெள்ளை மீன். வாய் மட்டும் நெடுநேரம் திறந்து மூடியது. நாங்கள் பூசைக்குப் போய் வந்தபோது அதுவும் நின்றிருந்தது. திங்கட்கிழமை இன்னொன்று. கோடையில் வந்த மீன்குஞ்சு மட்டும் மிஞ்சியது. அப்பா செத்தவற்றை வேலியோரச் சிவப்புப் பழப் பற்றைக்குக் கீழே தாட்டார். அம்மா செபமாலையோடு சமையலறையில் இருந்தார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த புதன்கிழமை ஹோட்டல் அண்ணை வந்தார். இந்த முறை பகிடி விடவில்லை. “அண்ணை, கொக்கு கொண்டுபோனதெண்டு சொல்லுங்கோ. ஏரிக்கரையில சாம்பல் கொக்கு நிக்கிறதுதானே. உள்ளூர்ச் சனத்தின்ர குளத்திலயே பிடிக்குது.”

அப்பா என்னைப் பார்த்தார். “பிள்ளை, கொப்பியில என்ன எழுதியிருக்கிறாய்?”

காட்டினேன். எழுத்துப் புரியாவிட்டாலும் எண் புரியும். நெடுநேரம் பார்த்தார்.

“இதை அழி. கடிதம் வரட்டும். பிறகு நானே மனிசியிட்டச் சொல்லுறன்.”

பென்சில் எழுத்து இலகுவாக அழிந்தது. அழித்த இடத்தில் 6 என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘கொக்கு’ என்று ஜெர்மன் மொழியில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே பிழையாக எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

பெரிய வியாழன் அன்று வீட்டுக்கார அம்மா இரண்டு ஊன்றுகோல்களோடு வந்து இறங்கினார். மேலே போகாமல் நேரே பின்வளவுக்குப் போனார். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு குளத்தோரம் நின்றார். வீட்டுக்கார அம்மா முதலில் மீனைப் பார்க்கவில்லை. வெள்ளையாகக் கிடந்த கற்களைப் பார்த்தார்.

அப்பா சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன். உங்களுக்காகத் துப்புரவாக்கினோம். பிறகு கொக்கு வந்துவிட்டது.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. “கொக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆம்” என்றேன். அது மொழிமாற்றம் அல்ல. அது என்னுடைய பதில்.

கொப்பியைக் கேட்டார். ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தார். நான் அழுத்தி எழுதுகிற பிள்ளை. அழித்தாலும் தாளில் தடம் இருக்கும். அவருடைய விரல் நுனி 6க்கு மேல் மெதுவாகப் போய் வந்தது. சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இருந்தது, நான் கண்டேன். அதை எடுக்கவில்லை. கொப்பியை மூடி என் கையில் தந்தார். குவெட் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு வலை வாங்குவித்து, அப்பாவைக் கூப்பிட்டார். கொக்குக்கு எதிராகக் குளத்துக்கு மேல் கட்டும் பச்சை வலை. அப்பா முழந்தாளில் இருந்து, ஒரு முளைக்கு அடுத்த முளையாக அடித்தார். வீட்டுக்கார அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நடுவில் நின்றேன், மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வராத கொக்குக்காக, மிஞ்சிய ஒரு மீனுக்கு மேல், இரண்டு பெரியவர்கள் மிகுந்த கவனத்தோடு வலையை இழுத்துக் கட்டினார்கள். வேலை முடிந்ததும் அப்பா, “தாங்க்ஸ்” என்றார். ஏன் அவர் நன்றி சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை, படிக்கட்டில் ஒட்டாத உறை ஒன்று இருந்தது. வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம். அப்பாவும் அம்மாவும் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார்கள். நான் முதலில் எனக்குள் வாசித்தேன். இந்தக் குடும்பத்தை இத்தனை வருடமாகத் தெரியும். அமைதியானவர்கள். உழைப்பாளிகள், துப்புரவானவர்கள். அவர்களுடைய மகள் எல்லாவற்றையும் எழுதிவைப்பாள். இவர்களை இங்கேயே இருக்க விடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

“மூண்டும் இருக்கோ?” என்று அப்பா கேட்டார். மேசையில் மூன்று விரலை வைத்திருந்தார்.

கடிதத்தை இன்னொருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் அறிந்ததைத்தான் எழுதியிருந்தார்.

“ஓம் அப்பா. மூண்டும் இருக்கு.”

“வாசி.”

வாசித்தேன். உழைப்பாளிகள் என்று வாசித்தேன். நேர்மையானவர்கள் என்று வாசித்தேன். துப்புரவானவர்கள் என்று வாசித்தேன். அம்மா அழுதார். அப்பா எழுந்து, குளம் தெரியும் ஜன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தானே போய் உண்மையைச் சொல்வதாகச் சொன்னவர், அந்தக் கடிதத்துக்குப் பிறகு போகவில்லை. நேர்மையானவர் என்று எழுதிய மனிசியிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று நினைத்திருப்பார். நான் கடிதத்தில் உள்ளபடி வாசித்திருந்தால் போயிருப்பாரோ என்பதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஆணியில் வெப்பமானியை அதன்பின் நான் காணவில்லை.

அனுமதி அடுத்த வருடக் கடைசியில் கிடைத்தது. நாங்கள் பேர்னுக்கு மாறினோம். வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு அட்டை அனுப்பினார், அதில் பெயர் மட்டும் இருக்கும். பிறகு அட்டை வரவில்லை. நான் இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். குளிரூட்டிகளின் வெப்பநிலையைத் தினமும் இரண்டு முறை பதிய வேண்டும். என் வீட்டு நாட்குறிப்புகள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. எல்லாம் பேனாவால் எழுதியவை.

அப்பா பேர்னின் ஓரத்தில் உள்ள பூம்ப்ளிஸில், நான்காம் மாடியில், தனியாக இருக்கிறார். அம்மா இல்லை. கண் மங்கிவிட்டது. யாராவது வந்தால் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்வார். “அந்த மனிசி நேர்மையான சனம் எண்டு எழுதினவ. கடைசிமட்டும் நான் ஒரு விசயம் சொல்லேல்லை. அதுதான் மனதுக்க கிடக்கு.” என்ன விசயம் என்று சொல்ல மாட்டார். என்னை மட்டும் பார்ப்பார்.

போன ஞாயிறு பின்னேரம் போயிருந்தேன். கோப்பை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

“பிள்ளை, அந்த மனிசின்ர கடிதத்தை ஒருக்கா வாசி. எனக்கு எழுத்துத் தெரியேல்லை.”

தாள் மஞ்சளாகி, மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. கையெழுத்து அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. உழைப்பாளிகள் என்ற சொல்லுக்கும் துப்புரவானவர்கள் என்ற சொல்லுக்கும் இடையில் ஒரு காற்புள்ளி. அந்த இடத்தில் நிறுத்தினேன். அப்பா மூன்று விரலைக் கோப்பின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றை மடித்திருந்தார்.

“பிறகு?” என்றார்.

“நேர்மையானவர்கள்” என்று வாசித்தேன்.

இரண்டாவது விரலை மடித்தார்.